சுருங்கை: நிலத்தடி வழிக்கு ஒரு பழஞ்சொல்

நிலத்துக்கு அடியில் குடைந்த இடம் எதுவானாலும் அதைச் சுரங்கம் என்று சொல்லிவிடும் வழக்கம் இன்று நிலைத்துவிட்டது. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலிலிருந்து அரண்மனைக்குப் போவதாகப் பேசப்படும் மறைவழியும் சுரங்கம்; நெய்வேலியில் வானம் பார்க்கத் திறந்து கிடக்கும் பழுப்பு நிலக்கரிப் பள்ளமும் சுரங்கம்; தண்டவாளத்துக்குக் கீழே செல்லும் நடைவழியும் சுரங்கப்பாதை. ஒரு சொல்லின் மேல் இத்தனை சுமையை ஏற்றும்போது, அது முதலில் எதைக் குறித்தது என்பதும், அதனருகே வழங்கிய வேறு சொற்கள் எவை என்பதும் மறந்துபோகின்றன. காவிரிப் பாசனப் பகுதியில் வாழ்வோருக்கு இந்த மறதி ஒரு தனி இழப்பு. ஏனெனில் இச்சொல்லின் பழைய வடிவம் நீரோடு பிணைந்தது.

அந்தப் பழைய வடிவம் சுருங்கை. பரிபாடலின் இருபதாம் பாடல் வையைப் பெருக்கைச் சொல்லும்போது, மதுரையின் மதிலுக்கு அடியிலுள்ள நீர்வழியினூடே வெள்ளம் பாய்ந்து வருவதை ‘நெடுமால் சுருங்கை நடுவழிப் போந்து’ என்கிறது. அப்படிப் பாயும் நீர், களிறு தன் கையை உயர்த்திப் பீச்சும் நீரைப் போல இருக்கிறதாம். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரைக்குள் நுழையும்போது, ‘பெருங்கை யானை இனநிரை பெயரும் சுருங்கை வீதி மருங்கிற் போகி’ என்று வருகிறது. மணிமேகலையின் கச்சிமாநகர் புக்க காதை ‘சுருங்கைத் தூம்பின் மனைவளர் தோகையர்’ என்று ஓர் இடத்தில் சொல்கிறது; அங்கே மகளிர் கூந்தல் கழுவிய மணநீர் வீட்டிலிருந்து தூம்பு வழியே வெளியேறுகிறது. ஆக, ஊருக்குள் ஆற்றுநீரைக் கொண்டுவரும் வழி, கோட்டையைக் கடக்கும் மூடிய பாதை, வீட்டுக் கழிவுநீர் ஓடும் அடிவழி ஆகிய மூன்றுக்கும் சுருங்கை என்ற ஒரே பெயர் இருந்திருக்கிறது. மூன்றிலும் பொதுவாக நிற்பது, மேலே மூடியிருக்க உள்ளே ஒன்று ஓடிச்செல்லும் குழாய்த்தன்மை. கனிமம் தோண்டும் இடம் என்ற பொருள் இவற்றுள் எதிலும் இல்லை.

சொல்லின் பிறப்பு பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. ஒன்று, இது வடமொழியின் ‘சுருங்கா’ என்ற சொல்லின் தமிழ் வடிவம் என்பது. மாலா மாலையாகவும், குஹா குகையாகவும், கங்கா கங்கையாகவும் தமிழில் வந்ததைப் போலச் சுருங்கா சுருங்கையாவது ஒலி மரபுக்கு முழுதும் பொருந்துகிறது. அதே சொல்லின் ‘சுரங்க’ என்ற மற்றொரு வடிவம் அம் ஈறு பெற்றுச் சுரங்கம் ஆயிற்று. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் கோட்டை, அரண்மனை ஆகியவற்றின் மறைவழிகளைச் சொல்லும் இடங்களில் சுருங்கா என்ற சொல்லை ஆள்கிறது. மகாபாரதத்தில் அரக்கு மாளிகையிலிருந்து பாண்டவர் தப்பிச்செல்ல, விதுரன் அனுப்பிய ஆள் தோண்டிய வழிக்கும் அதுவே பெயர். வடமொழியில் இதற்குத் தெளிவான வேர் இல்லாததால், இது கிரேக்கத்தின் ‘சூரிங்ஸ்’ என்பதிலிருந்து வந்தது என்று மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். கிரேக்கத்தில் அது குழல், குழாய், முற்றுகையின்போது தோண்டும் அடிவழி என்ற பொருள்களைத் தரும். அப்படியானால் கிரேக்கத் தொடர்புக்குப் பின்னரே இச்சொல் வந்திருக்க முடியும் என்பதால், இதை வைத்தே அர்த்தசாஸ்திரத்தின் காலம் குறித்து நீண்ட விவாதமும் நடந்தது.

சிலப்பதிகாரம் சொல்லும் ‘பயனறவு அறியா யவனர் இருக்கை’, அதாவது கிரேக்கர் முதலான மேலைநாட்டாரின் குடியிருப்பு, இருந்த புகார் நம் பகுதியில் உள்ளது என்பதால், இச்சொல் கடல்வழியே நேராகக் காவிரி முகத்துக்கு வந்திருக்குமோ என்று எண்ணத் தோன்றும். நானும் அப்படி இருக்க வேண்டும் என்றே விரும்புவேன். ஆனால் ஆகார ஈறு ஐகாரமாக மாறியிருப்பது, சொல் வடபுலத்தின் வழியே வந்தது என்பதைத்தான் காட்டுகிறது. விருப்பத்துக்காக ஒலியின் சான்றைத் தள்ளிவிட முடியாது.

மற்றொரு கருத்து, இது சுருங்கு என்ற வினையடியாகப் பிறந்த தூய தமிழ்ச்சொல் என்பது. சுருங்கிய, அதாவது குறுகிய, வழி சுருங்கை ஆகும் என்பர். இலக்கணப்படி இதற்குத் தடையில்லை. எனினும் இலக்கியச் சான்று இதற்கு முழுமையாக இடம் தரவில்லை. சிலப்பதிகாரத்தின் சுருங்கையில் யானைகள் கூட்டமாகப் போகின்றன. பரிபாடலில் அது ‘நெடுமால்’, அதாவது நீண்ட பெரிய, என்ற அடைமொழி பெறுகிறது. குறுக்கமே சொல்லின் உயிராக இருந்திருந்தால், புலவர் அதை யானை நிரை செல்லும் வீதிக்கு ஏற்றியிருக்க மாட்டார். பெருங்கை, சுருங்கை என்று அவர் எதிரெதிராக நிறுத்தியது ஓசையின்பத்துக்காக. அந்த இன்பமே சுருங்கு என்ற வேரை நம் காதில் ஒலிக்கச் செய்கிறது. என் முடிவு இதுதான்: சொல் வந்தேறியது; வந்த இடத்தில் தமிழ் வினையொன்று அதற்குத் துணை நின்றதால் இயல்பாக வேரூன்றிவிட்டது. ஈராயிரம் ஆண்டை நெருங்கும் வழக்குடைய ஒரு சொல்லை அயற்சொல் என்று ஒதுக்க வேண்டிய தேவை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வழியாக இல்லாமல் பொந்தாகவோ அறையாகவோ இருக்கும் வெற்றிடத்துக்கு வேறு சொற்கள் இருந்தன. அவற்றுள் மிகத் தமிழானது அளை. ‘புலி சேர்ந்து போகிய கல்லளை’ என்று புறநானூற்றுப் புலவர் காவற்பெண்டு, மகனை ஈன்ற தாயின் வயிற்றைச் சொன்னது பலர் அறிந்தது. நம் பகுதிக்கு இன்னும் நெருங்கியது சோழன் நல்லுருத்திரன் பாடிய புறநானூற்று 190ஆம் பாட்டு. விளைந்த கதிரைக் கொண்டுபோய் ‘அளை மல்க வைக்கும்’ எலியை அவன் காட்டுகிறான். அந்த எலியின் அளையை இன்றைய உழவர் வளை என்பர். ‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்ற பழமொழியும், வளைக்கு அருகே வயலில் வைக்கும் மூங்கிற் பொறியான தஞ்சாவூர்க் கிட்டியும் அந்த வாழ்க்கையிலிருந்து வந்தவை. எலி வரப்புக்கு அடியில் நெல்லைச் சேர்க்க, மனிதர் குதிரிலும் பத்தாயத்திலும் தரைக்கு மேலேயே சேர்த்தனர். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் சில அடி தோண்டினாலே ஊற்றெடுக்கும் மண்ணில் வேறு வகையில்லை.

மலைக்குகைக்கு முழை, விடர் என்ற சொற்கள் உண்டு. பிலம் என்பது சிலப்பதிகாரத்தில் திருமால்குன்றத்து மறைகுகையைக் குறிக்கிறது. அது வடசொல் என்பது பொதுக்கருத்தாயினும், பிளவு, விளவு என்பவற்றோடு ஒப்பிட்டுத் திராவிட வேர் காண்போரும் உண்டு. பாதாளம் புராணத்தின் கீழுலகு. கிணற்றில் விழுந்த வாளியைத் தூக்கும் பாதாளக்கரண்டியில் அது வீட்டுச் சொல்லாகிவிட்டது.

குகையின் வரலாறுதான் இவற்றுள் எனக்கு மிகவும் வியப்பைத் தருவது. மறைத்தல் என்ற பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்த அச்சொல், கல்லே காணாத சமவெளியான சோழநாட்டில் துறவியர் தங்கும் மடத்துக்குப் பெயராயிற்று. மூன்றாம் குலோத்துங்கனின் 22ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1200இல், நடந்த குகையிடி கலகத்தைத் திருத்துறைப்பூண்டிக் கல்வெட்டு ஒன்று குறிப்பிடுகிறது. அங்கே இடிக்கப்பட்டவை தரைமேல் எழுந்த மடங்கள். சொல் இடம் பெயரும்போது பொருளின் உருவம் மாறி, தனித்திருத்தல் என்ற பயன் மட்டும் தொடர்ந்திருக்கிறது.

மீண்டும் சுரங்கத்துக்கு வருவோம். தஞ்சை மாவட்டத்தில் பெரிய கோயில் உள்ள ஊர் எதிலும் ஒரு சுரங்கக் கதை இருக்கும். ஈரம் ஊறும் வண்டலில் மைல் கணக்கில் ஆள் நடந்துபோகும் வழியைக் குடைந்து காப்பது எளிதன்று. இக்கதைகளில் பலவற்றுக்கு அடிப்படையாக இருந்தவை மறைவழிகளல்ல, மூடிய நீர்வழிகள்தாம் என்றே நான் கருதுகிறேன். தஞ்சாவூரிலேயே அதற்குச் சான்று உள்ளது. சிவகங்கைக் குளத்திலிருந்து மேலவீதி அய்யன்குளத்துக்கு நிலத்தடியில் நீர் கொண்டுசென்ற பழைய அமைப்பு, அண்மையில் குளத்தைச் சீரமைத்தபோது மீண்டும் வெளிப்பட்டது. அதை ஜலசூத்திரம் என்று எழுதுகிறார்கள். பரிபாடற் புலவர் கண்டிருந்தால் சுருங்கை என்றே சொல்லியிருப்பார்.

கனிமம் எடுக்கும் இடத்துக்குச் சுரங்கம் என்ற பெயர் இனி மாறாது. நிலத்துக்கு அடியில் குடைந்து எடுக்கும் இடத்துக்கு அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் நெய்வேலியில் நடப்பது வேறு. அங்கே மேல்மண் முழுவதையும் நீக்கித்தான் நிலக்கரியை எடுக்கிறார்கள். 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய பகுதிகள் நிலக்கரி ஏலப் பட்டியலில் இடம்பெற்று, எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டபோது, செய்திகள் எங்கும் சுரங்கம் என்ற சொல்லே வந்தது. மேலே பயிர் நிற்க அடியில் மட்டும் வேலை நடக்கும் என்ற எண்ணத்தை அச்சொல் தரக்கூடும். வயலே இல்லாமற்போகும் வேலையைத் திறந்தவெளி அகழ்வு என்று எழுதுவதே நேர்மையானது.

தண்டவாளத்தின் கீழே செல்லும் வழியை நம் ஊர்களில் கீழ்ப்பாலம் என்கிறார்கள்; அது போதும். பொருள் வைக்கும் அடியறைக்கு நிலவறை தெளிவான சொல். நகராட்சிகள் பாதாளச் சாக்கடை என்று எழுதுவதற்கு மாற்றாகப் புதைசாக்கடை ஓரளவு வழங்குகிறது. ஆயினும் மணிமேகலை வீட்டுக் கழிவுநீர் வழியைச் சுருங்கைத் தூம்பு என்று சொல்லியிருக்கும்போது, தெருவின் அடியில் ஓடும் வடிகாலுக்கும், ஆற்றின் அடியில் வாய்க்காலைக் கடத்தும் சைபனுக்கும், குளங்களை இணைக்கும் மூடிய காலுக்கும் சுருங்கை என்பதையே கலைச்சொல்லாக்கலாம். கழிவுநீர்ச் சுருங்கை, பாசனச் சுருங்கை, குளச் சுருங்கை என்று அடைமொழி சேர்த்தால் குழப்பமும் வராது.