நிழலில் தரையை மூடும் பெரணி

பழைய கல்கட்டுக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்குப் பெரணியைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வெயில் படாத உட்சுவரின் கல்லிடுக்குகளில், யாரும் நடாமலேயே அது முளைத்துத் தொங்கிக்கொண்டிருக்கும். மாமரமோ பலாமரமோ அடர்ந்து கவிந்த தோட்டத்தில் புல் பிடிக்காமல் மொட்டையாகக் கிடக்கும் தரையை மூட வேண்டுமானால், அந்தக் கிணற்றுச் சுவரிலிருந்தே பாடம் தொடங்குகிறது.

மரத்தடிக்கு வரும் ஒளி அளவில் மட்டுமல்ல, தரத்திலும் குறைந்தது. அடர்ந்த மழைக்காட்டின் தரையை எட்டுவது உச்சியில் விழும் ஒளியில் ஏறத்தாழ 1 அல்லது 2 விழுக்காடுதான். அதிலும் ஒளிச்சேர்க்கைக்கு மிகவும் பயன்படும் சிவப்பையும் நீலத்தையும் மேலேயுள்ள இலைகள் பெரும்பாலும் உறிஞ்சிவிடுகின்றன. வெயிலுக்குப் பழகிய செடிகள் இந்த நிலையில் ஒளியைத் தேடித் தண்டை வீணாக நீட்டி, மெலிந்து சாய்கின்றன. பெரணிகள் பலவற்றிலோ நியோகுரோம் என்றொரு புரதம் இருக்கிறது. பிற தாவரங்கள் பெரும்பாலானவற்றில் சிவப்பொளியை உணரும் புரதமும் நீல ஒளியை உணரும் புரதமும் தனித்தனியாக இருக்க, இதில் இரண்டின் பகுதிகளும் ஒன்றாக இணைந்துள்ளதால், மங்கிய ஒளியிலும் திசையறிந்து வளையவும், பச்சையத் துணுக்குகளை ஒளியை நோக்கி நகர்த்தவும் பெரணியால் முடிகிறது. இந்த மரபணு ஹார்ன்வோர்ட் என்னும் பூவாத சிறு தாவரக் குழுவிலிருந்து பெரணிகளுக்குத் தாவி வந்திருக்க வேண்டும் என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்றுள்ள பெரணிகளில் பெரும்பான்மையானவை பூக்கும் மரங்கள் பெருகிய பிறகு, அவற்றின் நிழலில் கிளைத்துப் பெருகியவை என்பதையும் சேர்த்து எண்ணினால், நிழல் அவற்றுக்குத் தண்டனையல்ல என்பது விளங்கும்.

தரையை மூடும் வேலையைச் செய்வது இலையன்று, தண்டு. நாற்றுப்பண்ணைகளில் எளிதில் கிடைக்கும் நெஃப்ரோலெபிஸ் வகைப் பெரணிகள் தாய்ச்செடியின் அடியிலிருந்து நூல் போன்ற ஓடுதண்டுகளை நாற்புறமும் அனுப்பி, அவை மண்ணைத் தொடும் இடங்களில் புதுச்செடிகளை எழுப்புகின்றன. அவற்றுள் கார்டிஃபோலியா என்ற இனம் நீரைச் சேமிக்கும் உருண்டைக் கிழங்குகளையும் விடுகிறது. இந்தத் திறமைக்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இதே இனம் ஆக்கிரமிப்புத் தாவரமாகிவிட்டது. பென்சில்வேனியாக் காடுகளிலோ, மான்கள் பிற செடிகளை மேய்ந்துவிட்டு வேறொரு பெரணியை மட்டும் தொடாமல் விட்டதால், அந்தப் பெரணி படர்ந்த இடங்களில் மரக்கன்றுகள் எழ முடியாமல் போயின. ஆகவே பாத்தியைச் சுற்றி ஒரு செங்கல் வரிசை பதிப்பது மிகையான எச்சரிக்கை அல்ல.

ஒளியில் சிக்கனமான இந்தச் செடிக்கு நீரில் சிக்கனம் தெரியாது. பூக்கும் தாவரங்கள் வறட்சி வரும்போது இலைத்துளைகளை மூடும் அளவுக்குக் கூர்மையான கட்டுப்பாடு பெரும்பாலான பெரணிகளுக்கு இல்லை. வேர்களும் மேல்மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. இனப்பெருக்கத்துக்கும் நீர் வேண்டும். இலையடியில் வரிசையாகத் தெரியும் பழுப்புப் புள்ளிகளைச் செதில் பூச்சி என்று எண்ணி மருந்தடிப்பவர்கள் உண்டு. உண்மையில் அவை வித்துப்பைகளின் கொத்துகள்; வித்து என்பது விதையன்று, பெரணி பரப்பும் தூள் போன்ற நுண்துகள். அவற்றிலிருந்து தெறிக்கும் வித்து ஈரத்தில் விழுந்தால், விரல் நகத்தைவிடச் சிறிய இதய வடிவப் பச்சைத் தகடாக வளர்கிறது. அதன் ஆண் அணுக்கள் நீர்ப்படலத்தில் நீந்தியே கருமுட்டையை அடைய வேண்டும். கிணற்றுச் சுவரில் பெரணி தானாக முளைப்பதும், காய்ந்த தோட்டத்தில் முளைக்காததும் இதனால்தான்.

அதனால் தோட்டக்காரர் வித்துகளை நம்பாமல், குத்துகளைப் பிரித்து ஓர் அடி இடைவெளியில் நடுவதே விரைவான வழி. தமிழகச் சமவெளியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசி அதற்கு நல்ல காலம். இளம் இலைகள் சுருண்டு எழும் நடுக்குருத்தை மண்ணுக்குள் புதைத்தால் அழுகிவிடும். அது மண்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். மரம் உதிர்க்கும் சருகைப் பெருக்கி எரிக்காமல், செடிகளுக்கிடையே அப்படியே விட்டால் போதும், வேருக்குத் தேவையான ஈரத்தை அது காத்துத் தரும்.