படிவம் 4473-இல் பினாமிக் கையெழுத்து வேண்டாம்

அமெரிக்காவில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைகளின் பதிவேடுகள் கூட்டாட்சிச் சட்டப்படி இருக்கின்றனவா என்று தணிக்கை செய்து கொடுப்பது என் தொழில். கூட்டாட்சி ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி வரலாம் என்பதால், சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, டல்லாஸ் புறநகர்க் கடை ஒன்றின் பின்னறையில் அமர்ந்து பழைய படிவங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்போது கடையின் முன்பக்கத்திலிருந்து தமிழ்க் குரல்கள் கேட்டன. இளைஞர் ஒருவர் கைத்துப்பாக்கியைக் கையில் ஏந்தி எடை பார்த்து, பிடி சரியாக அமைகிறதா என்று சோதித்து, இதுவே போதும் என்று முடிவு செய்தார். ஆனால் பேனாவை எடுத்துப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தவர் உடன் வந்த நண்பர். "நீ உன் பேர்ல போட்டுடு, நான் இப்பவே ஜெல்ல அனுப்பிடறேன்" என்று முதலாமவர் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. ஜெல் (Zelle) என்பது கைபேசியில் பணம் அனுப்பும் வசதி.

தமிழ் தெரியாத விற்பனையாளருக்கு அது புரிந்திருக்க வழியில்லை. நான் எழுந்து சென்று உரிமையாளரிடம் சொன்னேன். கையெழுத்துப் போடும் முன்பே விற்பனை நிறுத்தப்பட்டது. வெளியே வந்ததும் அந்த இளைஞர், "அக்கா, என் மேல ஒரு கேஸும் கிடையாது, கிரீன் கார்டு இருக்கு, நானே வாங்கலாம். அப்புறம் இவன் வாங்கிக் கொடுத்தா என்ன தப்பு?" என்று உண்மையான குழப்பத்தோடு கேட்டார். இந்த ஆண்டில் மட்டும் நம்மவர்களிடமிருந்து இதே கேள்வியை நான் கேட்பது மூன்றாவது முறை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

படித்தவர்களிடமும் வேரூன்றியிருக்கும் தவறான எண்ணம் இதுதான்: பினாமியாக வாங்குவது குற்றவாளிக்கு வாங்கிக் கொடுத்தால் மட்டுமே குற்றம், இருவரும் தகுதியானவர்கள் என்றால் அது வெறும் உதவி. அப்படி அல்லவே அல்ல. கடையில் ஒவ்வொரு வாங்குபவரும் நிரப்ப வேண்டிய 4473 என்ற படிவத்தில், 2023ஆம் ஆண்டுப் பதிப்பில் 21ஏ என்ற எண்ணில், "இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?" என்ற பொருளில் ஒரு கேள்வி இருக்கிறது. நண்பர் தகுதியானவரா என்று அந்த இடத்தில் யாரும் கேட்கவில்லை. யாருடைய பணம், யாருக்காக என்பதே கேள்வி. அந்தப் படிவத்தோடு வரும் அறிவுறுத்தலிலேயே இதற்கு உதாரணம் தரப்பட்டுள்ளது: ஒருவர் பணம் கொடுத்து மற்றவரை வாங்கி வரச் சொன்னால், பணம் கொடுத்தவர் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத்தால் தடை செய்யப்பட்டவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், கையெழுத்திடுபவர் உண்மையான வாங்குபவர் ஆகமாட்டார், கடைக்காரர் அவருக்கு விற்கக் கூடாது.

இன்னும் நம்பாதவர்களுக்காக ஆப்ராம்ஸ்கி வழக்கைச் சொல்கிறேன். வர்ஜீனியாவில் வாழ்ந்த முன்னாள் காவலர் ஒருவர் 2009இல் பென்சில்வேனியாவில் இருந்த தம் மாமாவுக்காகக் கிளாக் 19 கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கினார். மாமா 400 டாலருக்குக் காசோலை அனுப்பியிருந்தார். மாமாவும் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியானவர். பின்னர் அதை அவர் பெயருக்கு மாற்றும்போதுகூட உரிமம் பெற்ற கடை வழியாகப் பின்னணிச் சோதனை செய்தே மாற்றினார்கள். இவ்வளவு ஒழுங்காக நடந்தும், முதல் கடையில் "நானே வாங்குகிறேன்" என்று குறித்தது பொய் வாக்குமூலம் என்பதால் தண்டனை செல்லும் என்று 2014 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. படிவத்தில் பொய் சொல்வதற்கு 10 ஆண்டுகள் வரை சிறையும் 250,000 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம். வாங்கித் தரப்படுபவர் தடை செய்யப்பட்டவர் என்று தெரிந்தே வாங்கினால், 2022 ஜூனில் வந்த சட்டப்படி அது தனிக் குற்றம், 15 ஆண்டுகள் வரை சிறை. குடியுரிமை பெறாதவர்களுக்குத் துப்பாக்கிக் குற்றத்தில் கிடைக்கும் தண்டனை நாடு கடத்தலுக்கே அடிப்படையாகலாம்.

அன்பளிப்பு என்பது வேறு. உங்கள் சொந்தப் பணத்தில் வாங்கி, பதிலுக்கு எதையும் பெறாமல், தகுதியுள்ள மகனுக்கோ மனைவிக்கோ கொடுப்பதாக இருந்தால், உண்மையான வாங்குபவர் நீங்களே. ஆனால் "இப்போதைக்கு அன்பளிப்பு, பணம் அப்புறம்" என்பது அன்பளிப்பு அல்ல.

அந்த இளைஞர் ஏன் நண்பரைக் கூட்டி வந்தார் தெரியுமா? அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் பழைய குடியிருப்பின் முகவரி இருந்தது. அதனால் கடையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவரே முடிவு செய்துகொண்டார். அந்த ஓட்டுநர் உரிமத்தோடு, இப்போதைய முகவரி அச்சிட்ட வேறோர் அரசு ஆவணத்தை, உதாரணமாக அவருடைய கார்ப் பதிவுச் சான்றை, கொண்டு வந்திருந்தால் அன்றைக்கே தம் பெயரில் வாங்கியிருக்கலாம். ஒரு முகவரிக்காக இரண்டு பேர் சிறைவாசலுக்குப் போய்த் திரும்பியிருக்கிறார்கள். ஐயம் இருந்தால் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், தயவுசெய்து கேளுங்கள்.

நம்மவர்களின் படிவங்களில் பெயரும் பெரிய சிக்கல். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் வைத்து எழுதிப் பழகிய நாம், அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் படிவத்தில் வேறு மாதிரியும் எழுதிவிடுகிறோம். சட்டப்பூர்வமான முழுப்பெயரை எழுதுங்கள். பெயரின் ஒரு பகுதி வெறும் முதலெழுத்துதான் என்றால் அதன் பின் 'ஐஓ' (IO) என்றும், நடுப்பெயரே இல்லை என்றால் 'என்எம்என்' (NMN) என்றும் குறிக்க வேண்டும். 'கவுன்ட்டி' (நம்மூர் மாவட்டம் போன்றது) என்று கேட்கும் கட்டத்தில் அதை 'கன்ட்ரி' என்று படித்துவிட்டு 'யுஎஸ்ஏ' என எழுதுவது எல்லா இனத்தாரும் செய்யும் பிழை. நான் தணிக்கை செய்யும் கட்டுகளில் அது இல்லாத கட்டே அரிது. கையெழுத்திடும் முன் ஒருமுறை படித்துப் பார்த்தால் போதும்.

எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனையில் 'தாமதம்' என்று பதில் வந்தால் விற்பனையாளரிடம் சண்டை போடாதீர்கள். அது மறுப்பு அல்ல.

கடை நடத்தும் நண்பர்களுக்கும் சொல்ல வேண்டும். வாங்குபவர் நிரப்பிய பகுதியில் பிழை கண்டால் நீங்களே பேனாவை எடுத்துத் திருத்தாதீர்கள். அதை அவர்தான் திருத்த வேண்டும். துப்பாக்கி கைமாறிய பிறகு கண்ட பிழையை மூலப்படிவத்தில் தொடவே கூடாது, நகலில் திருத்தி மூலத்தோடு இணைக்க வேண்டும். துப்பாக்கி கடையில் திருடு போனது தெரிந்த 48 மணி நேரத்துக்குள், துப்பாக்கிக் கடைகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏ.டி.எஃப்.-க்கும் உள்ளூர்க் காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டும். ஒரு துப்பாக்கி யாருக்கு விற்கப்பட்டது என்று கேட்கும் தடமறியும் கோரிக்கை வந்தால் 24 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். இவை உங்களுக்குத் தெரிந்தவையே. தெரிந்தும் நழுவவிடுவது வேறொன்று: ஒருவர் துப்பாக்கியைத் தேர்வு செய்ய, மற்றொருவர் படிவத்தை நிரப்ப, கைபேசியில் பணம் கைமாறுவதைக் கண்ணெதிரே பார்த்தும், "கட்டத்தில் ஆம் என்று போட்டுவிட்டார், இனி அது அவர் பொறுப்பு" என்று ரசீது கிழிப்பது. தெரிந்தே விற்றால் அது உங்கள் பொறுப்பும்தான். உரிமம் மட்டுமன்றி உங்கள் சுதந்திரமும் போகும். விற்பனையை மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. காரணத்தைப் பணிவாகச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

கடைசியாக, ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள். உங்களுக்குப் பொதுவிதி தடைதான். செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அந்த விதிவிலக்கு இருந்தால் உங்கள் பெயரில், உங்கள் கையெழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் தொடாதீர்கள், வைத்திருந்தாலே 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. ஒரே வீட்டில் கிரீன் கார்டு உள்ளவரும் தற்காலிக விசாவில் உள்ளவரும் அறையைப் பகிர்ந்து வாழ்வது நம்மிடையே சாதாரணம். கையில் எடுக்கவே இல்லை என்றாலும், எடுத்து ஆளும் வசதியும் எண்ணமும் இருந்தால் அதையும் வைத்திருந்ததாகவே நீதிமன்றம் கொள்ளலாம். ஆகவே துப்பாக்கியின் உரிமையாளர் அதைப் பூட்டிய பெட்டகத்தில் வைத்து, பெட்டகத்தைத் திறக்கும் எண்ணைத் தம்மோடு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். "அவசரத்துக்கு உதவும்" என்று அறை நண்பரிடம் அதைச் சொல்லி வைக்க வேண்டாம்.