கடலூர் ரவுட்டரிலிருந்து புறப்படும் பிங்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குச் சாலை வழியில் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். இந்தத் தூரத்தைப் போய்வர அதற்கு 0.22 மில்லிவினாடி போதும். ஒரு சிறு பாக்கெட்டை, அதாவது தரவுப் பொட்டலத்தை, எதிர்முனைக்கு அனுப்பி அது போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கருவிதான் பிங். ஆனால் இரண்டு ஊரிலும் வெவ்வேறு நிறுவனத்தின் இணைய இணைப்பு இருந்தால், பிங் காட்டும் அளவு பத்து மில்லிவினாடியைத் தொட்டாலும் வியப்பில்லை. பாக்கெட் சாலைபோல நடுவிலுள்ள ரெட்டிச்சாவடி வழியாகப் போகாது. கடலூரில் கிளம்பிச் சென்னை வரைக்கும் போகும்; இரு நிறுவனங்களும் தரவைக் கைமாற்றிக்கொள்ளும் இணைப்பகத்தில் மாறி ஏறும்; மறுபடி தெற்கே புதுச்சேரிக்கு இறங்கும். ஒரு பக்கத்துக்கு 330 கிலோமீட்டர் என்று வைத்தாலும், போய்வர ஒளிக்கே 3.3 மில்லிவினாடி ஆகிவிடும். வழியில் பாக்கெட்டை அடுத்த கட்டத்துக்குத் திருப்பிவிடும் கருவியான ரவுட்டர் ஒவ்வொன்றிலும் காத்திருக்கும் நேரம் தனி.

இந்தச் சுற்றுவழியை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி. மஞ்சக்குப்பத்தில் கிளையும் புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் கிடங்கும் உள்ள ஒரு மருந்து மொத்த வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் சர்வர் சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறது. அங்கிருந்து கடலூருக்கு 5 மில்லிவினாடி, வில்லியனூருக்கு 4 மில்லிவினாடி. திரையில் எல்லாம் பச்சை. கடலூர்க் கிளையில் பில் போடுபவரோ, கிடங்கின் இருப்பு திரையில் வர நெடுநேரம் ஆகிறது என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. கோயம்பேட்டில் நின்றுகொண்டு, கடலூர் பஸ்ஸும் புதுச்சேரி பஸ்ஸும் நேரத்துக்கு வருகின்றனவா என்று குறித்து வைத்தால், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஓடும் பஸ்ஸின் தாமதம் அதில் எப்படித் தெரியும்? தாமதம் ஊருக்கு உரியது அல்ல, வழிக்கு உரியது. கடலூர்–வில்லியனூர் வழியின் தாமதம் வேண்டுமென்றால் பிங் கடலூரிலிருந்துதான் புறப்பட வேண்டும்.

பிங் நிரலை 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வகம் ஒன்றில் இருந்த மைக் மூஸ் எழுதினார். அது நம்பியிருக்கும், நெட்வொர்க்கின் நிலையைச் சாதனங்கள் ஒன்றுக்கொன்று தெரிவிக்க உதவும் ஐசிஎம்பி நெறிமுறை, 1981 செப்டம்பரில் ஆர்எஃப்சி 792 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளிவந்திருந்தது. வகை எண் 8 உள்ள ஒரு சிறு பாக்கெட் போகும்; பெற்றவர் அதிலிருந்த தரவை அப்படியே வகை எண் 0 ஆகத் திருப்பி அனுப்புவார். போன நேரமும் வந்த நேரமும் அனுப்பியவர் கடிகாரத்திலேயே பதிவாவதால், இரு முனைக் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டிய தேவையே இல்லை. நாற்பது ஆண்டுகள் கடந்தும் இந்தக் கருவி நிலைத்திருக்க இந்த எளிமை ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

கிளையில் தனியாக ஒரு கணினி வைக்காமல், ஏற்கெனவே இருக்கும் ரவுட்டரையே பிங் அனுப்ப வைக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், சென்னை சர்வர், தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் மூலம் கடலூர் ரவுட்டருக்குள் நுழைந்து, பிங் கட்டளையை ஓட்டி, அது அச்சிடும் வரிகளைப் படித்து எண்களை எடுத்துக்கொள்ளும். இரண்டாவதில், ரவுட்டர் தானாகவே குறித்த இடைவெளியில் பிங் அனுப்பி முடிவை வைத்திருக்கும். நெட்வொர்க் சாதனங்களைக் கண்காணிப்பதற்கான எஸ்என்எம்பி நெறிமுறை வழியே சர்வர் அதைக் கேட்டு வாங்கும். சிஸ்கோ நிறுவனத்தின் ரவுட்டர்களில் இந்த வசதிக்கு ஐபி எஸ்எல்ஏ என்று பெயர், ஜூனிப்பர் நிறுவனத்தின் ரவுட்டர்களில் ஆர்பிஎம். டோபியாஸ் ஓட்டிக்கர் உருவாக்கிய ஸ்மோக்பிங் என்ற, தாமதத்தை அளந்து படமாக வரையும் கட்டற்ற மென்பொருள் இரண்டு வழிக்கும் துணைநிரல்கள் வைத்திருக்கிறது.

அமைக்கும்போது பெரும்பாலோர் தவறவிடுவது மூல முகவரியை, அதாவது பாக்கெட்டில் அனுப்புநராகப் போடும் முகவரியை. குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால், பாக்கெட் ரவுட்டரின் எந்த இடைமுகம் (இணைப்பு வாசல்) வழியாக வெளியேறுகிறதோ அதன் முகவரியையே ரவுட்டர் மூலமாகப் போட்டுக்கொள்ளும். அது இணைய நிறுவனம் கொடுத்த பொது முகவரியாக இருக்கலாம். கிளைக்கும் கிடங்குக்கும் நடுவே விபிஎன் சுரங்கம் (பொது இணையத்துக்குள் ஓடும் மறைகுறியிட்ட தனிவழி) இருந்து, உள் நெட்வொர்க் முகவரிகளை மட்டுமே உள்ளே விடும்படி அது அமைக்கப்பட்டிருந்தால், இந்த பிங் சுரங்கத்துக்குள் போகவே போகாது. பதில் வராது, அல்லது வேறு வழியில் போய்வந்து வேறு எண்ணைத் தரும். ஆகவே மூலம் என்ற இடத்தில் கிளையின் உள் இடைமுகத்தைக் கொடுக்க வேண்டும். பில் போடுபவரின் கணினியிலிருந்து போகும் பாக்கெட் எந்த வாசலில் நுழைகிறதோ, அளவெடுக்கும் பாக்கெட்டும் அதே வாசலில் நுழைய வேண்டும்.

முன்னுரிமைக் குறியும் அப்படித்தான். இணையவழித் தொலைபேசிப் பேச்சின் பாக்கெட்டுகளுக்கு டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமைக் குறி போட்டு அதைத் தனி வரிசையில் விடுகிறீர்கள் என்றால், குறியில்லாத பிங் காத்திருப்பது வேறு வரிசையில். பேச்சின் தாமதத்தை அது சொல்லாது. பிங்குக்கும் அதே குறியைப் போடலாம். இந்தக் குறி அமரும் முழு பைட்டின் (டிஓஎஸ் பைட்) மதிப்பைக் கேட்கும் சாதனங்களில் அந்த எண் 184. பாக்கெட் அளவையும் மாற்றிப் பார்ப்பது நல்லது. பிபிபிஓஇ (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு இணைக்கும் முறை; ஒவ்வொரு பாக்கெட்டிலும் சில பைட்டுகளை இது எடுத்துக்கொள்ளும்) வழியாக வரும் ஃபைபர் இணைப்பில் 1,464 பைட் தரவுள்ள பிங் துண்டாகாமல் போகும், 1,472 போகாது. சின்ன பிங் எல்லாம் நன்றாக ஓட, பெரிய கோப்புகள் மட்டும் திணறினால் முதலில் இங்கே பார்க்கலாம்.

எத்தனை முறை அனுப்புவது? சிஸ்கோவின் ஐபி எஸ்எல்ஏ இயல்பாக நிமிடத்துக்கு ஒன்று அனுப்பும். ஸ்மோக்பிங் ஐந்து நிமிடச் சுற்று ஒவ்வொன்றிலும் 20 அனுப்பும். எனக்கு உகந்தது இந்த முறைதான். அந்த இருபதில் 19 பிங் 6 மில்லிவினாடியிலும் ஒன்று 400 மில்லிவினாடியிலும் திரும்பினால், சராசரி 25.7 என்று வரும். அந்த எண்ணை எந்தப் பாக்கெட்டும் அனுபவிக்கவில்லை. வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் நடுமதிப்பு 6 என்கிறது. அதுவே வழக்கமான நிலை. ஸ்மோக்பிங் நடுமதிப்பைக் கோடாகவும், மற்ற மதிப்புகளின் பரவலைச் சுற்றிலும் சாம்பல் நிறப் புகையாகவும் வரைகிறது.

பழகிய கண்ணுக்கு இந்தப் படம் நிறையச் சொல்லும். தினமும் மாலை ஏழு மணிக்குப் புகை அடர்ந்து நள்ளிரவில் கலைந்தால், எங்கோ ஒரு இணைப்பு நிரம்பி வழிகிறது. கோடு 6-லிருந்து 11-க்குப் படிபோல் ஏறி, புகையே இல்லாமல் அங்கேயே நின்றால், பாதை மாறியிருக்கிறது. ஃபைபர் எங்கோ அறுபட்டு மாற்றுவழியில் ஓடுகிறதா என்று இணைய நிறுவனத்தைக் கேட்கலாம். தாமதம் ஏறாமல் இழப்பு (பதில் வராத பிங்) மட்டும் நாள் முழுதும் தூவினாற்போல் இருந்தால், இழை இணைப்பையோ, இழையில் ஒளியை அனுப்பிப் பெறும் ஆப்டிக் என்ற பாகத்தையோ சந்தேகிக்கலாம்.

ஆனால் ரவுட்டர் அளவெடுப்பதற்கென்று பிறந்ததல்ல. மற்றவர்களின் பாக்கெட்டை அதன் வன்பொருள் கடத்திவிடும். தனக்கு வரும் பிங்கையும் தான் அனுப்பும் பிங்கையும் பெரும்பாலும் அதன் மையச் செயலியான சிபியுதான் கவனிக்கும், அதுவும் ஓய்வு கிடைக்கும்போது. சிபியு வேலையில் மூழ்கியிருக்கும் நேரத்தில் வழி நன்றாக இருந்தும் எண் ஏறும். அதனால் எதிர்முனையில் கிடங்கு ரவுட்டரைக் குறிவைக்காமல், அதற்குப் பின்னால் உள்ள சர்வரைக் குறிவைப்பது மேல். ரவுட்டரின் சிபியு பயன்பாட்டையும் அதே பக்கத்தில் வரைந்து வைத்தால், வழியின் தாமதத்தையும் சிபியுவின் தாமதத்தையும் பிரித்துப் பார்க்க முடியும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பிங் ஓட்டும் பயனர் கணக்குக்கு அந்த ஒரு கட்டளைக்கு மட்டுமே உரிமை இருக்க வேண்டும். சென்னை சர்வரின் முகவரியிலிருந்து மட்டுமே அது நுழைய முடிய வேண்டும். எஸ்என்எம்பி வழியே ஐபி எஸ்எல்ஏ சோதனையை உருவாக்கும் துணைநிரலுக்கு எழுதும் உரிமை தேவைப்படும். எழுதும் உரிமை என்பது ரவுட்டரின் சாவிக்கொத்து. கூடியவரை சோதனையை ரவுட்டரில் நீங்களே எழுதிவைத்து, சர்வருக்குப் படிக்கும் உரிமையை மட்டும், எஸ்என்எம்பி மூன்றாம் பதிப்பில் கொடுங்கள்.

இந்த முறையின் உண்மையான பலவீனம் வேறொன்று. சென்னைக்கும் கடலூருக்கும் நடுவே தொடர்பு அறுந்தால், கடலூர்–வில்லியனூர் வழி நன்றாக இருந்தாலும் அளவு கைக்கு வராது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்ததை அறிந்த கரை இது. இங்கே அந்த நிலை கற்பனை அல்ல. அளவு வராததை நூறு சதவீத இழப்பாகப் பதிந்துவிடக் கூடாது. படத்தில் வெற்றிடமாகவே விட வேண்டும். ரவுட்டருக்கு நுழைய மொபைல் சிம் வழியாக இரண்டாவது பாதை ஒன்று இருந்தால் வெற்றிடம் குறையும். எச்சரிக்கையையும் இரண்டாகப் பிரிக்கலாம்: கடலூர் ரவுட்டரை எட்ட முடியவில்லை என்பது ஒன்று, எட்ட முடிகிறது, ஆனால் தொடர்ந்து மூன்று சுற்றுகளில் கிடங்குக்குப் போன பிங்குகள் தவறியிருக்கின்றன என்பது இன்னொன்று. முதலாவதற்குக் கடலூர் இணைப்பின் நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும். இரண்டாவதற்கு வில்லியனூர் வரையுள்ள வழியைத் துருவ வேண்டும்.