ஷ்ராஃப் மார்க் என்னும் நோட்டக்குறி

இணைய ஏலத்தில் பழைய வெள்ளி ரூபாய் தேடுகிறவர்கள் படத்துக்குக் கீழே 'ஷ்ராஃப் மார்க் உள்ளது' என்ற வரியைப் பார்த்திருப்பார்கள். பலர் அதைச் 'சேதமான காசு' என்று பொருள் கொண்டு கடந்துபோகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஏலத்தில் எடுத்த ஆர்க்காடு ரூபாய் (ஆர்க்காட்டின் பெயரில் அடித்த பழைய வெள்ளிக்காசு) ஒன்று வந்து சேர்ந்தபோது, முகப்பில் பிறை வடிவில் ஒரு குழியும் பூ வடிவில் ஒரு குழியும் இருந்தன. ஏமாந்துவிட்டோமோ என்ற கவலையோடு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் காசைக் கட்டைவிரலால் சுண்டி ஓசை கேட்டார். விளிம்பைச் சுற்றிலும் நகத்தால் தடவினார். "இது அடிபட்ட காசு இல்லை தம்பி, நோட்டம் பார்த்த காசு" என்றார். அதாவது, காசு சோதிக்கிறவர் தரம் பார்த்து இட்ட குறிகள்தான் அந்தக் குழிகள்.

ஷ்ராஃப் என்பதற்கு மூலம் 'சர்ராஃப்' என்ற அரபுச் சொல். காசு மாற்றுகிறவர் என்பது பொருள். பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்து, இந்தியில் சராஃப் ஆகி, ஆங்கிலேயர் வாயில் ஷ்ராஃப் ஆயிற்று. தமிழில் சராப்பு என்று வழங்கியது. அரசுக் கருவூலங்களில் வரும் காசைச் சோதித்து எண்ணி வாங்கும் ஊழியருக்கும் இதுவே பதவிப் பெயர். ஹாங்காங்கில் இன்றும் வாகன நிறுத்துமிடங்களில் கட்டணம் வாங்கும் அறைக்கு மேல் ஷ்ராஃப் என்று எழுதியிருக்கிறது.

ஆனால் இந்தத் தொழிலுக்குத் தமிழ் கடன் வாங்க வேண்டிய நிலையில் இருந்ததே இல்லை. சங்கப் புலவர் வடம வண்ணக்கன் தாமோதரனார் பெயரில் இருக்கும் 'வண்ணக்கன்' என்பது நாணயம் சோதிப்பவரைக் குறிக்கும் சொல். நம் பக்கத்து ஈரோடு மாவட்டத்து அரச்சலூர்க் குகையில், தமிழ்ப் பிராமி எழுத்தில் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்ற பெயர் பாறையிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. கொங்கு மண்ணில் இந்தத் தொழில் எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பிற்காலச் சொல் நோட்டம். நோடு என்றால் ஆராய்ந்து பார். கன்னடத்தில் 'நோடு' இன்றும் அன்றாடச் சொல். காசைப் பார்த்துத் தரம் சொல்வது நோட்டம், சொல்கிறவர் நோட்டக்காரர். இன்று 'நோட்டம் விட்டான்' என்றால் திருடன் வீட்டை வேவு பார்த்தான் என்றாகிவிட்டது. ஒரு நேர்மையான தொழிற்சொல் இப்படித் தாழ்ந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆகவே ஷ்ராஃபை நோட்டக்காரர் என்றும், அவர் இட்ட குறியை நோட்டக்குறி என்றும் எழுதுவதே சரி என்பேன். வண்ணக்கன் அழகான சொல். ஆனால் ஏலப் பட்டியலில் படிக்கிறவருக்கு அதை விளக்க வேண்டியிருக்கும். நோட்டத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

குறி இட வேண்டிய தேவை ஏன் வந்தது? 1792-இல் திப்புவிடமிருந்து சேலம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அந்தக் காலத்துத் தென்னாட்டில் நட்சத்திர வராகன், மைசூர்க் காந்திராயப் பணம், ஆர்க்காடு ரூபாய் என்று பலவகைக் காசுகள் ஒரே சந்தையில் புழங்கின. ஒவ்வொன்றுக்கும் எடை வேறு, மாற்று (உலோகத்தின் தரம்) வேறு. மாற்றித் தருகிறவர் அதற்கென ஒரு கழிவு பிடிப்பார். அதற்கு வட்டம் என்று பெயர். வெள்ளித் தோலுக்கு உள்ளே செம்பு இருக்கிறதா என்று பார்க்கச் சிறு உளியால் ஒரு கொத்து. நல்ல காசு என்று தெரிந்தால் அந்தக் குறியே அடுத்தவருக்குச் சாட்சி. 1835-இல் கம்பெனி 180 கிரெயின் எடையில், அதாவது 11.66 கிராமில், பொது ரூபாய் ஒன்றைக் கொண்டுவந்த பிறகு இந்தக் கலைக்கு வேலை குறைந்தது.

சேதம் எது, நோட்டக்குறி எது என்று படத்தில் பிரித்துப் பார்க்கலாம். பழைய குறியின் ஓரம் காசோடு சேர்ந்து தேய்ந்து மழுங்கியிருக்கும். குழிக்குள் இருக்கும் கறுப்பும் சுற்றியுள்ள கறுப்பும் ஒரே நிறம். பளிச்சென்ற குழி என்றால் நேற்று அடித்தது. காசு முழுவதுமே பளபளத்தால் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அது உண்மையான சேதம். மாலையில் கோக்கப் போட்ட துளையும், வளையம் பற்றவைத்த தழும்பும் சேதமே. விற்பவர் பெரும்பாலும் விளிம்பைக் காட்டுவதில்லை. தழும்பு அங்கேதான் இருக்கும், ஆகவே விளிம்புப் படத்தையும் தராசில் வைத்த படத்தையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் விலை கேட்காதீர்கள்.

குறி இருப்பதாலேயே காசு நல்லது என்று நம்பிவிடவும் கூடாது. அச்சில் வார்த்த போலியில் மூலக் காசின் குறியும் சேர்ந்தே வந்துவிடும். இரண்டு ஏலங்களில் இரண்டு காசுகள், ஒரே இடத்தில், ஒரே சாய்வில், ஒரே பிறை: இரண்டும் ஒரே வார்ப்பிலிருந்து வந்தவை. கையால் கொத்திய குறி இன்னொரு காசில் அதே இடத்தில் அப்படியே விழ வாய்ப்பே இல்லை. கம்பெனி பெயரோடு ராமர், சீதை உருவம் பொறித்த '1818 அரை அணா' என்று வருபவற்றுக்கோ எந்த நோட்டமும் வேண்டாம். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை.

வெட்டுப்பட்ட ரோமானியக் காசுகளை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் மேலேயே உளி வெட்டு இருக்கிறது. இனி இது காசாகச் செல்லாது, பொன்னாக மட்டுமே மதிப்பு என்பதற்கான வெட்டு அது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். நோட்டக்குறி காசை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். அந்த வெட்டு விலக்கியதற்கு. பட்டியலில் இரண்டையும் ஒரே சொல்லால் 'சேதம்' என்று எழுதுவது இரண்டு வரலாற்றையும் அழித்துவிடுகிறது.

என் காசுக்கு நான் எழுதி வைத்திருக்கும் குறிப்பு இதுதான்: ஆர்க்காடு ரூபாய், வெள்ளி, முகப்பில் இரண்டு நோட்டக்குறிகள் (பிறை, பூ), துளை இல்லை, பற்றுத் தழும்பு இல்லை, தேய்த்துக் கழுவியது அல்ல.