பாரபட்சம் வேறு, தப்பெண்ணம் வேறு

மட்டக்களப்பு நகரில் ஒரு பயிற்சிப் பட்டறை. திரையில் முதல் வரி: 'பாரபட்சம் கொண்டோரின் மனதை மாற்றுவது எப்படி?' ஆங்கிலத்தில் 'பிரெஜுடிஸ்' என்று இருந்ததை யாரோ இப்படிப் பெயர்த்திருக்கிறார். எத்தனையாவது தடவை இது! ஒரு கிராம சேவையாளர் எழும்பி, "நாங்க ஆருக்கும் பாரபட்சம் காட்டல்லையே, நிவாரணப் பொதி எல்லாருக்கும் ஒரே நிறைதானே" என்றார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில். வளவாளர் வாயடைத்துப் போய்த் தேநீருக்கு விட்டுவிட்டார்.

பட்சம் என்பது வடமொழி 'பக்ஷ', பக்கம், சிறகு. பங்கிடும் கையில் தெரிவது பாரபட்சம். துலாக்கோலைக் காட்டி வள்ளுவர் 'ஒருபால் கோடாமை' என்றது இதன் மறுதலையைத்தான். ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர் வேறு: முன் கூட்டிய தீர்ப்பு. அது கையில் அல்ல, மண்டைக்குள் கிடப்பது. தப்பெண்ணம் என்று நான் சொல்வது அதைத்தான்.

எங்களைப் பற்றியதையே எடுங்கள். 'மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள்' என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பழம் பேச்சு உண்டு. மந்திரம் செய்து மாப்பிள்ளையை மடக்கிவிடுவோமாம். அப்படி நம்பும் ஆசிரியர் நம்மூர்ப் பிள்ளையின் விடைத்தாளை நேர்மையாகவே திருத்துவார். மகனுக்கு இங்கே வேலை கிடைத்தால்தான் வயிற்றில் புளி கரையும். பாரபட்சம் துளியும் இல்லை, தப்பெண்ணம் நிறைய. தம்பிக்கு ஒப்பந்தத்தைத் தூக்கிக் கொடுப்பவரோ நேர்மாறு. அவர் காட்டுவது பாரபட்சம். மற்றவர்களைப் பற்றி அவருக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை, தம்பிமேல் பாசம், அவ்வளவுதான்.

ஆகவே 'பிரெஜுடிஸ்' என்பதற்குத் தப்பெண்ணமே என் தெரிவு. குறி தப்பிய எண்ணம். சாதாரணப் பிழை எண்ணத்தையும் அது குறிக்கலாம் என்பது குறைதான். 'முற்சாய்வு' சுத்தத் தமிழ், ஆனால் சாய்மனைக் கதிரையிலிருந்து முன்னுக்கு விழப்போகிறவர் நினைவுதான் எனக்கு வருகிறது.

சொல் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும். பாரபட்சத்தைச் சுற்றறிக்கை போட்டு ஓரளவு அடக்கலாம். தப்பெண்ணம் அதற்கு மசியாது. அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதியது இதுதான்: வெறுமனே சந்தித்தால் போதாது, சமமாக நின்று, பொது நோக்கோடு, சேர்ந்து வேலை செய்ய வேண்டும், மேலிடத்தின் ஆதரவும் வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் 'பிட்டும் தேங்காய்ப்பூவும் போல' என்று மேடையில் சொல்லிவிட்டு அவரவர் ஊருக்குப் போவதில் ஒன்றும் நடக்காது. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் தமிழ், முஸ்லிம் வட்டைக்காரர் இருவர், மடை உடைந்த இரவில் சேர்ந்து மண் போட்டால் ஏதும் அசையும்.

1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய தமிழறிஞர் சுவாமி விபுலாநந்தர் பிறந்தது இங்கே கிழக்கிலங்கையின் காரைதீவில். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்த அவருடைய மண்ணில், இன்றைக்கு அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்து ஒட்டுகிறார்கள்.

மாலையில் கருத்துப் படிவம் தந்தார்கள். 'பாரபட்சமின்றி நிரப்பவும்' என்றிருந்தது. அந்த ஒரு இடத்தில் சொல் சரி.