தைராய்டு மாத்திரையை எடை மெஷினைப் பார்த்து மாற்றாதீர்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண்மணி கையில் சின்ன நோட்டோடு வந்தார். தைராய்டு மாத்திரையை 50 மைக்ரோகிராமிலிருந்து 75-க்கு ஏற்றிய நாளிலிருந்து தினமும் எடை பார்த்து அதில் குறித்து வைத்திருந்தார், சில நாட்களில் காலையும் ராத்திரியுமாக இரண்டு தடவை. குறைந்த நாளுக்குப் பச்சை மை, கூடிய நாளுக்குச் சிவப்பு. மூன்றாவது வாரப் பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தது, ஆனால் மொத்தமாகக் கூடியது என்னவோ 800 கிராம்தான். அடுத்த பக்கத்தில் பேனாவை அழுத்தி "2 மாத்திரை" என்று எழுதிக் கீழே கோடு போட்டிருந்தார். யாரையும் கேட்கவில்லை, அன்றிலிருந்து மூன்று வாரமாக 150 மைக்ரோகிராம் எடுத்து வந்திருக்கிறார். நாடி பிடித்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 116. கையை நீட்டச் சொன்னேன், விரல் நுனிகள் நடுங்கின. தூக்கமே இல்லை என்றார். எடை? "அதுல ஒண்ணும் பெருசா மாறலையே டாக்டர்" என்று சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. டோஸை ஏற்றும்போது உடம்பில் என்ன நடக்கும், எப்போது நடக்கும், எது நடக்காது என்று உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அந்த நோட்டு இப்படிச் சிவந்திருக்காது. அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. அன்று அவருக்குச் சொன்னதையும், அதற்குப் பிறகு டோஸ் மாற்றும் ஒவ்வொருவருக்கும் சொல்லி வருவதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இது எடையைக் குறைக்கும் மாத்திரை இல்லை, ஏற்றும் மாத்திரையும் இல்லை. சுரப்பி தர வேண்டிய தைராக்ஸின் ஹார்மோனை அது தர முடியாதபோது வெளியிலிருந்து ஈடுகட்டுகிறோம், அவ்வளவுதான். "தைராய்டு மாத்திரை போட்டா உடம்பு போட்டுடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டு வருகிறவர்களும் உண்டு. நிறுத்தினால்தான் உடம்பு ஊதும்.

அடுத்தது, இந்த மருந்தின் வேகம். தலைவலி மாத்திரை போல அரை மணியில் வேலை செய்கிற மருந்து இல்லை இது. தைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். அதனால் டோஸை மாற்றினால் புது அளவு ரத்தத்தில் நிலைகொள்ள 5, 6 வாரம் பிடிக்கும், மூளைக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதை உணர்ந்து தன் டிஎஸ்ஹெச் அளவைச் சரிசெய்துகொள்வதும் அதை ஒட்டித்தான். தைராய்டைச் சுரக்கச் சொல்லி பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்தான் டிஎஸ்ஹெச், தைராக்ஸின் குறைந்தால் அது ஏறும், கூடினால் இறங்கும். 6 முதல் 8 வாரம் கழித்து டெஸ்ட் எடுத்து வாருங்கள் என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். பத்தாவது நாள் அவசரப்பட்டு எடுக்கும் ரிப்போர்ட் பழைய டோஸையும் சொல்லாது, புதியதையும் சொல்லாது. அதே மாதிரி மூன்றாம் நாள் மெஷினில் முக்கால் கிலோ கூடினால் அதற்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை. முந்தின நாள் சாப்பாட்டில் உப்பு கூடியிருக்கும், மலச்சிக்கல் இருக்கும், மாதவிடாய் நெருங்கியிருக்கும். யாருக்குமே எடை ஒரே நாளில் ஒரு கிலோ வரை மேலும் கீழும் போய்வரும்.

இனி எல்லாரும் கேட்கிற கேள்விக்கு வருகிறேன்: "தண்ணி குடிச்சாலே உடம்பு போடுது, எல்லாம் இந்தத் தைராய்டாலதானே?"

பாதி உண்மை. தைராய்டு குறைந்தால் உடம்பு சக்தியைச் செலவழிக்கும் வேகம் குறையும், எடை கூடும். ஆனால் பலருக்கும் இதனால் கூடுவது ஏறக்குறைய 2 முதல் 5 கிலோதான், அதிலும் பெரும்பகுதி கொழுப்பு இல்லை, உப்பும் நீரும். ஹார்மோன் குறையும்போது தோலுக்கு அடியில் ஹையலூரோனிக் அமிலம் போன்ற பொருள்கள் சேர்கின்றன, அவை பஞ்சு மாதிரி நீரைப் பிடித்துவைக்கின்றன. காலையில் முகம் உப்புவதும், கண்ணுக்குக் கீழே பை மாதிரி தொங்குவதும், மோதிரம் விரலில் இறுகுவதும் அதனால்தான். சாதாரணக் கால்வீக்கத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும், இந்த வீக்கத்தில் பெரும்பாலும் விழாது.

1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், இந்த நோய் முற்றிப்போன 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். சில மாதங்களிலேயே முகத்தின் வீக்கம் வடிந்தது, பேச்சும் நடையும் திரும்பின, அந்தப் பெண் அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இப்போது நாம் விழுங்கும் சின்ன மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்கிறது. அன்று வடிந்தது போலவே இன்றும் முதலில் வடிவது நீர்தான்.

ஆகவே டோஸ் சரியான பிறகு இரண்டு, மூன்று கிலோ குறைந்தால் மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். 15 கிலோ கூடியிருக்கும் ஒருவருக்கு மீதி 12 கிலோவையும் இதே மாத்திரை கரைத்துவிடும் என்று நான் சொன்னால் அது பொய். கேட்கச் சங்கடமான விஷயம், தெரியும். அந்த 15-ம் தைராய்டுதான் என்று வருடக்கணக்காக நம்பி வந்தவரிடம் இதைச் சொல்லும்போது, குற்றம் சாட்டுவது போல ஆகிவிடக் கூடாதே என்று எனக்கும் பயம். குற்றம் யாருடையதும் இல்லை. மாதக்கணக்காகச் சோர்ந்து கிடந்த உடம்பு நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும், தூக்கம் கெட்டிருக்கும், மாதவிடாய் நிற்கும் வயதாக இருக்கலாம், கூடவே ஸ்டீராய்டோ இன்சுலினோ மனநல மாத்திரையோ எடுக்கலாம். அந்த ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் வழி தேட வேண்டும். டிஎஸ்ஹெச் சரியான பிறகும் தைராய்டையே பிடித்துக்கொண்டு இருந்தால் அதையெல்லாம் யாரும் பார்க்காமலே வருடங்கள் ஓடிவிடும்.

"ரிப்போர்ட் நார்மல்தான், ஆனா இன்னும் கொஞ்சம் ஏத்தினா இளைக்குமே?" இதை 2018-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு நேரடியாகவே சோதித்தது. தைராக்ஸின் எடுத்து வந்தவர்களைப் பிரித்து, சிலருக்கு டிஎஸ்ஹெச்சை நார்மலின் கீழ்ப்பகுதியிலும், சிலருக்கு மேல்பகுதியிலும், சிலருக்கு நார்மலுக்குச் சற்று மேலேயும் வைத்து, யாருக்கு என்ன டோஸ் என்று அவர்களுக்கே தெரியாமல் ஆறு மாதம் கவனித்தார்கள். உடலின் கொழுப்பு அளவிலோ சக்தி செலவிலோ சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. ஆனால் தங்களுக்கு டோஸைக் கூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தவர்கள் அந்த டோஸே பிடித்திருக்கிறது என்றார்கள், உண்மையில் கூட்டினார்களா குறைத்தார்களா என்பதைச் சரியாகச் சொல்ல முடியாதபோதும். நம் மனம் எதை எதிர்பார்த்து ஏங்குகிறது என்பது இதில் நன்றாகவே தெரிகிறது.

அளவுக்கு மிஞ்சி எடுத்தால் எடை குறையலாம், குறைவது கொழுப்பு மட்டும் இல்லை, தசையும் சேர்ந்துதான். எலும்பும் வலுவிழக்கும், முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு. இதயம் தாளம் தப்பித் துடிக்கலாம், அப்படித் தப்பும்போது உள்ளே ரத்தம் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரவும் கூடும். உடல் பருமனுக்கோ எடை குறைப்புக்கோ இந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மருந்துக் குறிப்பிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்திருக்கிறது.

சரி, டோஸை ஏற்றியும் டிஎஸ்ஹெச் இறங்கவில்லை, எடையும் அசையவில்லை என்றால்? அப்போது நான் டோஸைத் தொடுவதற்கு முன்னால் கேள்வி கேட்பேன். இதை நான் கற்றுக்கொண்டதே ஒரு தவறிலிருந்துதான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருக்கு ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து இரண்டு தடவை டோஸை ஏற்றினேன். மூன்றாவது தடவை அவர் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து மேஜையில் திறந்து வைத்தார். ஒவ்வொரு நாள் குழியிலும் வெள்ளையாகக் குட்டித் தைராய்டு மாத்திரை, அதை ஒட்டியே சிவப்பாக ஒரு பெரிய இரும்புச்சத்து மாத்திரை. வேறொருவர் எழுதிக் கொடுத்தது, காலையில் இரண்டையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கி வந்திருக்கிறார். இரும்பு தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், உள்ளே போக விடாது. கால்சியமும் அப்படித்தான். இரண்டுக்கும் நடுவில் 4 மணி நேரம் இடைவெளி விட்டதும் ரிப்போர்ட் அடுத்த முறை தடாலென்று இறங்கிவிட்டது, நான் ஏற்றிய டோஸையெல்லாம் படிப்படியாகக் குறைக்க வேண்டியதாயிற்று. ஒரு வாய்க் கேள்வியில் முடிந்திருக்க வேண்டியது.

அதனால் இப்போது எல்லாரிடமும் கேட்பது: வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுக்கிறீர்களா, அப்புறம் அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், காபி உட்பட எதுவும் எடுக்காமல் இருக்கிறீர்களா? வயிற்று அமிலத்துக்கான மாத்திரை ஏதாவது புதிதாகத் தொடங்கினீர்களா? கருத்தடை மாத்திரை? மாத்திரையின் பிராண்ட் மாறியதா? வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போகிறது, உண்மையாகச் சொல்லுங்கள், கோபப்பட மாட்டேன். எங்கே வைக்கிறீர்கள்? சூடும் ஈரமும் பட்டால் இந்த மாத்திரை வீரியம் இழக்கும், அடுப்புக்கு மேலேயும் குளியலறை அலமாரியிலும் வைக்காதீர்கள். முடி கொட்டுவதற்காக பயோட்டின் என்ற வைட்டமினை எடுக்கிறவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள், பல லேப் டெஸ்ட்களில் அது டிஎஸ்ஹெச்சை இருப்பதைவிடக் குறைவாகக் காட்டிவிடும், டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்தச் சொல்வோம்.

இதுவரை சொன்னது தைராய்டு குறைந்தவர்களுக்கு. அதிகம் சுரப்பவர்களின் கவலை நேர் எதிர்த்திசையில் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அவர்களிடம் பேசுவதே இல்லை. ஹைப்பர் தைராய்டு இருக்கும்போது நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போவார்கள். அந்தச் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையைத் தொடங்கினதும் சில மாதங்களில் எடை ஏறும். இழந்ததில் தசையும் இருந்தது, அது திரும்பி வருவது நல்லதுதான். ஆனால் எரிக்கும் வேகம் குறைந்த பிறகும் பழைய பசி கொஞ்ச நாள் கூடவே இருக்கும், அதனால் முன்பிருந்ததைவிடக் கூடுதலாகவும் ஏறிவிடுகிறது. இளம் பெண் ஒருவர் எடை 6 கிலோ கூடியதும் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, ஒரு மாதம் கழித்து மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்க வந்தார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தொடங்கும்போதே எடை கூடும் என்று எதிர்பார்த்து, பசி அடங்கும் வரை அளவைக் கவனித்துச் சாப்பிட்டால் நிறையவே சமாளிக்கலாம். எடை ஏறுவதோடு குளிரும் சோர்வும் மலச்சிக்கலும் சேர்ந்தால் மருந்து அதிகமாகியிருக்கலாம், டெஸ்ட் செய்து டோஸைக் குறைப்போம். அப்போது டிஎஸ்ஹெச் மட்டும் போதாது, ரத்தத்தில் தைராக்ஸின் எவ்வளவு என்று காட்டும் டி4-ம் பார்க்க வேண்டும், ஏனென்றால் வெகுநாள் அமுங்கிக் கிடந்த டிஎஸ்ஹெச் எழுந்துவர மாதங்கள் ஆகலாம். எடைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: கார்பிமசோல் எடுக்கும்போது காய்ச்சலோடு தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே போய் ரத்த வெள்ளணுக்களைப் பரிசோதியுங்கள். அரிதுதான், ஆனால் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

எடை பார்க்கவே வேண்டாமா என்றால், பாருங்கள். வாரத்துக்கு ஒரு தடவை போதும், காலையில் எழுந்து கழிப்பறை போய் வந்த பிறகு, ஒரே மெஷினில், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில். டோஸ் மாறிய தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள், எனக்கு அது எடையைவிட உதவும். ஆனால் ஆறு வாரம் காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. நாலைந்து நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடி, காலும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டினால் அது இதயமாகவோ சிறுநீரகமாகவோ இருக்கலாம், உடனே போங்கள். நெஞ்சு வலி, நிற்காத படபடப்பு, காரணமே தெரியாமல் மளமளவென்று இளைப்பது, இதற்கும் அப்படியே. கர்ப்பம் உறுதியான அன்றே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், தைராக்ஸின் எடுத்து வருபவர்களில் பலருக்கு ஆரம்ப வாரங்களிலேயே டோஸைக் கால் பங்குக்கு மேல் கூட்ட வேண்டியிருக்கும்.

அந்த நோட்டுப் பெண்மணிக்கு முதலில் ஈசிஜி எடுத்தோம், தாளம் சரியாகவே இருந்தது. சில நாள் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, மறுபடி 75-லேயே தொடங்கி, எட்டு வாரம் கழித்து வரச் சொன்னேன். வந்தபோது டிஎஸ்ஹெச் 2.4, எடை முன்பைவிட ஒன்றரை கிலோ குறைவு. நோட்டைக் கொண்டுவந்திருந்தார். பக்கத்துக்கு நான்கே வரி, எல்லாம் நீல மையில், எடைக்குப் பக்கத்தில் அந்த வாரம் எத்தனை நாள் நடந்தார் என்றும் ஓர் எண். எழுந்து போகும்போதுதான் கையைக் காட்டினார். ஒரு வருடமாக உள்ளே நுழையாமல் பீரோவில் கிடந்த மோதிரம் விரலில் இருந்தது, கட்டை விரலால் அதைச் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டே இருந்தார்.