காது வச்ச நட்டு: சுத்தியல் எடுக்கறதுக்கு முன்னாடி மரையப் பாருங்க

போன சம்மர்ல ஒரு 1966 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை திறக்கற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார்) நம்ம பட்டறைக்கு வந்துச்சு. பின்னாடி இடது வீல்ல ஏதோ சத்தம் வருதுன்னாரு ஓனர். ஸ்போக் வீலு, நடுவுல ரெண்டு காது வச்ச பெரிய குரோம் நட்டு (காதுல சுத்தியலால அடிச்சுத்தான் இறுக்கறதும் கழட்டறதும்), பழைய சாமான் சந்தையில புதுசு மாதிரி பளபளன்னு கிடைச்சுதாம். கழட்டிப் பாத்தா மரைக்குள்ள தேங்காய்த் துருவல் மாதிரி இரும்புத் தூளு, ரெண்டு சுத்து கூட ஒழுங்கா ஏறல, அப்படியே சுத்தியலால அடிச்சு இறுக்கியிருக்காரு, அதோட பத்து மைல் ஓட்டியும் வந்திருக்காரு! ஹப்பும் (வீலும் நட்டும் ஏறற, மரை போட்ட நடுப்பாகம்) போச்சு, நட்டும் போச்சு.

விஷயம் இதுதான். இங்கிலாந்துல அபிங்டன் ஃபேக்டரில 1962ல இருந்து 1980 வரைக்கும் எம்ஜிபி செஞ்சாங்க, ஆனா எல்லாத்துக்கும் ஒரே மரை கிடையாது. பேஞ்சோ ஆக்ஸில் (நடுவுல பேஞ்சோ வாத்தியம் மாதிரி உருண்டையா இருக்கற பின் அச்சு) வச்ச ஆரம்பகால ரோட்ஸ்டர்ல ஒரு இன்ச்சுக்கு 12 மரை, அதுக்கப்புறம் வந்த டியூப் ஆக்ஸில் (நடுப்பெட்டியோட ரெண்டு பக்கமும் குழாய் வச்ச பின் அச்சு) வண்டில 8 தான். வெளியில இருந்து பாத்தா ரெண்டு நட்டும் ஒண்ணுதான். மத்த நட்டுன்னா மரை மாறினா ஸ்பேனர்லயே கை உணர்ந்துடும், இதுல சுத்தியல் அடி விழறதால நல்லா இறுகிடுச்சுன்னு நினைச்சுக்கறோம், அதான் ஆபத்தே. மரை கேஜ் இல்லன்னா ஹப்புமேல ஸ்கேல வச்சு ஒரு இன்ச்சுக்கு எத்தனைன்னு எண்ணுங்க. சரியான நட்டு வீல்ல போய் உக்கார்ற வரைக்கும் வெறும் கையாலயே ஏறணும், சுத்தியலுக்கு வேலை அதுக்கப்புறம்தான். ஜாகுவார் நட்ட இதுல மாட்டலாமான்னு ஒருத்தர் கேட்டாரு, அதோட ஹப்பு 52 மில்லி, இது 42, அந்த நட்டு பெருசு, இதோட மரைல பிடிக்கவே பிடிக்காது, அந்தக் கவலை வேண்டாம்.

அடுத்து பக்கம். இந்த வண்டிகள்ல இடதுபக்கம் சாதா மரை, வலதுபக்கம் எதிர் மரை. சைக்கிள்ல இடது பெடலுக்கு எதிர் மரை இருக்கும்ல, அதே காரணம்தான், இங்க பக்கம் மட்டும் தலைகீழ். வண்டி முன்னாடி ஓடும்போது நட்டு தானா இறுகற பக்கமா நகரப் பாக்கும். ஆனா முழுசா பிரிச்சு பெயின்ட் அடிச்சுக் கோத்த வண்டில ஹப்ப இடம் வலம் மாத்திப் போட்டிருந்தா அதே நட்டு ஓட ஓட அவிழும். நட்டும் மரையும் பொருந்தறதால யாருக்கும் சந்தேகமே வராது, நானே ரெண்டு வண்டில பாத்திருக்கேன். செக் பண்றது ரொம்ப சுலபம்: எந்தப் பக்கமா இருந்தாலும் மேல நிக்கற காத வண்டியோட முன்பக்கமா அடிச்சா கழலணும், பின்பக்கமா அடிச்சா இறுகணும். நட்டுமேல அம்புக்குறி போட்டு எழுதியிருக்கறத மட்டும் நம்பாதீங்க, அது நட்டப் பத்தித்தான் சொல்லுது, ஹப்ப மாத்திப் போட்டது அதுக்கு எப்படித் தெரியும்?

காதே இல்லாம எட்டுப்பட்டையா இருந்தா அது டூப்ளிகேட்னு முடிவு பண்ணிடாதீங்க. வீல் நட்டுல காது நீட்டிட்டு இருக்கக் கூடாதுன்னு அமெரிக்கால 1968ல சட்டம் வந்துச்சு, அங்க போன வண்டிகள்ல பட்டை நட்டுதான் ஒரிஜினல். அதுக்குத் தனி ஸ்பேனர் வேணும்.

காது நட்டுக்கு செம்பு சுத்தியல் இல்லன்னா தோல் சுத்தியல், இரும்பு வேண்டவே வேண்டாம். புதுசா நட்டு வாங்கினா அது வீல்ல போய் உக்கார்ற சரிவுல நீல மை தடவி மாட்டிக் கழட்டிப் பாருங்க. வீல்ல மை சுத்திவர ஒரே வட்டமா ஒட்டியிருக்கணும், ஒரு ஓரத்துல மட்டும் ஒட்டியிருந்தா நான் அந்த நட்டத் திருப்பிக் கொடுத்துடுவேன்.